டாஃபிங் செட்டும் ஆட்டோ டாஃபரும்

40-ஆம் நம்பர் நூல் ஓடும் ரிங் பிரேமில் ஒரு பாபின் நிரம்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அதில் ஏறியிருப்பது ஐம்பது கிராம் நூல்தான். ஆனால் நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நிரம்பியதும் மெஷினை நிறுத்தி, ஒவ்வொரு கதிரிலிருந்தும் பாபினைப் பிடுங்கி, வெறும் பாபினைச் சொருகி, மறுபடி ஓட்ட வேண்டும். மில்லில் இதை டாஃப் எடுப்பது என்போம். இதற்கென்று நாலைந்து பெண்கள் சேர்ந்த குழு இருக்கும். அதுதான் டாஃபிங் செட்.

கேட்பதற்குப் பிடுங்கிச் சொருகும் வேலையாகத் தெரியும். அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது. வலது கை நிரம்பின பாபினை உருவி எடுக்கும்போதே இடது கை வெறும் பாபினோடு அதே கதிருக்கு வந்துவிட வேண்டும். உருளையிலிருந்து இறங்கும் நூல் அறுந்துவிடக் கூடாது. அதன் வால் வெறும் பாபினுக்கு அடியில் சிக்கும்படி அழுத்த வேண்டும். அப்போதுதான் மெஷின் ஓடத் தொடங்கியதும் நூல் தானாகப் புதுப் பாபினில் சுற்றிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் பாபின் ஆடும். கூடினால் அடுத்த டாஃபில் பிடுங்க வராது. நானூற்றுச் சொச்சம் கதிர் உள்ள மெஷினை நல்ல செட் ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடும். மெஷினை மறுபடி ஓட்டும்போது எத்தனை இழை அறுந்து கிடக்கிறது என்பதை வைத்தே எந்தச் செட் டாஃப் எடுத்தது என்று எங்களால் சொல்ல முடியும்.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்பின்னிங் பிட்டராக மில்லுக்குள் போனவன். கோவை, உடுமலை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் ரிங் பிரேம்களை நிறுவுவது, கதிர்களை மட்டம் பார்ப்பது, டிராவலர் மாற்றுவது, ஓவர்ஹால் செய்வது என்றே காலம் போனது. டிராவலர் என்பது வளையத்தின் மேல் ஓடும் நகத்தைவிடச் சிறிய உலோகக் கொக்கி. கதிர் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றும்போது அது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து அறுந்த நூலை ஒட்டுகிறவர்களோடுதான் நான் வேலை பார்த்தேன்.

எங்கள் பகுதிக்கு மில் புதிதல்ல. கோவையில் முதல் பஞ்சாலையை ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள் எழுந்தன. 1956-இல் சிட்ரா ஆராய்ச்சி நிலையம், 1962-இல் எல்.எம்.டபிள்யூ. மெஷின் கம்பெனி ஆகியவை வந்த பிறகு மெஷினையும் அதை அளக்கும் முறையையும் இதே ஊரில் உருவாக்க ஆரம்பித்தோம். ஆகவே மனிதர் செய்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டதை வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. அந்த மெஷினைச் செய்தவர்கள் பீளமேட்டிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் என் பக்கத்து வீடுகளில் குடியிருந்தார்கள்.

முதலில் நான் பார்த்த மாற்றம் கோன் வைண்டிங்கில் நடந்தது. பாபின் நூலைக் கோனில் சுற்றும் கூடத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் நாட்டர் என்ற சின்னக் கருவி மாட்டியிருக்கும். பாபின் தீர்ந்தாலும், நூல் அறுந்தாலும், இரண்டு நுனியையும் நாட்டரில் வைத்து அமுக்கினால் முடிச்சு விழும். ஒன்றேகால் கிலோ கோனுக்கு இருபத்தைந்து பாபின் வேண்டும். ஆகவே அறுப்பே இல்லாவிட்டாலும் இருபத்துச் சொச்சம் முடிச்சு ஒவ்வொரு கோனிலும் இருக்கும். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது அந்த முடிச்சுகள் சிக்கலாகின. பின்னல் ஊசியில் முடிச்சு மாட்டினால் துணியில் ஓட்டை.

ஆட்டோகோனர் அதற்குத் தீர்வாக வந்தது. அதில் முடிச்சே கிடையாது. ஸ்பிளைசர் இரண்டு நுனிகளின் முறுக்கையும் பிரித்து, அழுத்தக் காற்றால் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். ஒட்டிய இடம் தடவினாலும் தெரியாது. கையால் ஆகாத வேலை அது. வைண்டிங் கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு இருந்த ஆட்கள் கால்வாசியானார்கள். ஆனால் அன்று யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. மில்கள் கதிர்களைக் கூட்டிக்கொண்டே போன காலம் அது. வைண்டிங்கில் மிஞ்சியவர்கள் ரிங் பிரேமுக்குப் போனார்கள். அங்கே டாஃபிங் செட்டுக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டது.

டாஃபைத் தானே எடுக்கும் ஆட்டோ டாஃபரின் கதை வேறு. கையால் எடுத்த டாஃப் மோசம் என்று ஒரு நூல் வியாபாரியும் சொன்னதில்லை. நூலின் தரத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமும் இல்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அந்த மெஷின் எப்போதோ வந்துவிட்டது. எங்கள் ஊர் முதலாளிகள் கண்காட்சிகளில் அதைப் பார்த்துவிட்டு, விலை கேட்டுவிட்டு, திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏன் வாங்கவில்லை என்பதற்கு விடை மில் காம்பவுண்டுக்குள்ளேயே ஹாஸ்டல் கட்டடமாக நின்றது.

தேனி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருவண்ணாமலை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்து பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்களை ஏஜென்ட்டுகள் கூட்டி வந்தார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று ஊர் அறிந்த ஏற்பாடு அது. தினக்கூலி குறைவு. வெளியே போகக் கட்டுப்பாடு. இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போன பெண்களை எனக்குத் தெரியும். நிரந்தரத் தொழிலாளியும் சங்கமும் இருந்த பழைய மில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில், பயிற்சியாளர் என்ற பெயரில் இந்தப் பெண்களை வைத்துப் புது மில்கள் ஓடின. இவ்வளவு மலிவாக விரல்கள் கிடைக்கும்போது எந்தக் கணக்கப்பிள்ளை ஆட்டோ டாஃபருக்குப் பணம் ஒதுக்குவார்?

மெஷின் வாங்கும் கணக்கில் எங்களையும் உட்கார வைப்பார்கள். உதிரி பாகச் செலவு எவ்வளவு, கம்ப்ரசர் காற்று எவ்வளவு வேண்டும் என்று சொல்வது மெயின்டனன்ஸ்காரன் வேலை. தாளின் ஒரு பக்கத்தில் மெஷின் விலையும் வட்டியும். இன்னொரு பக்கத்தில் மிச்சமாகும் ஆட்களின் கூலி. எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்பதுதான் கடைசி வரி. பல வருஷம் அந்த வரி "வேண்டாம்" என்றே சொன்னது. பிறகு மாறியது. மெஷினில் புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மாறியது ஊர்கள். நூறு நாள் வேலைத் திட்டச் சட்டம் 2005-இல் வந்தது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போனார்கள். கார்மென்ட்ஸும் கடை வேலையும் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தன. சுமங்கலித் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, நீதிமன்றம் கேட்டது, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்டன. ஏஜென்ட்டுகள் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் ரயில் ஏறினார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்கும் கூலி ஏறியது. அப்போதுதான் அந்தக் கடைசி வரி "வாங்கலாம்" என்றது.

இங்கிலாந்தில் நூற்பு மெஷினின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு இது புரிந்தது. 1824-இல் ஹைட் என்ற ஊரில் நூற்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மான்செஸ்டரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் போய், இவர்கள் தயவு இல்லாமல் ஓடும் மெஷின் ஒன்று செய்து கொடு என்று கேட்டார்கள். 1825-இல் அவர் தானியங்கி மியூல் என்ற நூற்பு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை இரும்பு மனிதன் என்றார்கள். அங்கே ஆட்கள் ஒன்றாக நின்றதால் மெஷின் வந்தது. இங்கே ஆட்கள் வராமல் போனதால் வந்தது. இரண்டு இடத்திலும் மனிதக் கையின் விலை ஏறிய பிறகே மெஷின் வாசலுக்குள் நுழைந்தது. மெஷின் வரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெஷினைப் பார்த்துக் கணிக்கிறார்கள். நான் கூலியைப் பார்க்கச் சொல்வேன்.

ஆட்டோ டாஃபர் ரிங் பிரேமை நாங்கள் நிறுவியபோது பக்கத்து வரிசையில் பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டாஃபிங் செட் பெண்கள் டாஃபுக்கும் டாஃபுக்கும் நடுவில் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மெஷினின் நீளத்துக்கும் ஒரு இரும்புச் சட்டம், அதில் கதிருக்கு ஒன்றாகப் பிடிகள். நேரம் வந்ததும் சட்டம் மேலே எழும்பி, எல்லாப் பாபின்களையும் ஒரே மூச்சில் கவ்வித் தூக்கி, கீழே ஓடும் பெல்ட்டில் வைத்துவிட்டு, வெறும் பாபின்களை எடுத்துக் கதிர்களில் அமர்த்தும். இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர். பெல்ட் நேராக ஆட்டோகோனருக்குப் போகும். ஆகவே பாபின் வண்டி தள்ளுகிறவருக்கும் வேலை இல்லை.

அந்தச் செட்டின் தலைவி தேனிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர்ப் பேச்சைப் பழகியிருந்தாள். மெஷின் சத்தத்தில் வாயசைவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தொண்ணூறு டெசிபலைத் தொடும் இரைச்சல் அது.

"ஏனுங்கண்ணா, இது ஓட ஆரமிச்சா நாங்க அஞ்சு பேரும் எங்கீங்க போறது?"

"ஆபீசுல கேட்டுச் சொல்றேன் அம்மிணி."

கேட்டேன். யாரையும் நிறுத்தப் போவதில்லை என்றார்கள். அது உண்மைதான். யாரையும் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் முடிந்தவர்கள் கணக்கு முடித்துக் கிளம்பினார்கள். அவர்கள் இடத்துக்கு ஏஜென்ட்டிடம் ஆள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆட்குறைப்பு நோட்டீஸ் இல்லை, நஷ்ட ஈடு இல்லை, வாசலில் கொடி இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஒரு பெயர்கூட அடிக்கப்படவில்லை. வேலை இழந்தவள் என்று யாரைச் சொல்வது? அடுத்த வருஷம் பஸ் ஏறி வந்திருக்க வேண்டிய, வராத ஒரு பெண்ணை. அவளுக்கே அது தெரியாது. ஆட்டோமேஷனால் இத்தனை பேருக்கு வேலை போனது என்று யாராவது எண்ணிச் சொன்னால், இப்படி வராமலே போன ஆட்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

மெஷின் ஓடத் தொடங்கிய நாட்களில் பிடிகள் சில பாபின்களைத் தூக்காமல் விட்டுவிட்டுப் போயின. விட்ட பாபின் கதிரிலேயே நிற்க, அதன் தலையில் வெறும் பாபின் வந்து இடிக்கும், சென்சார் மெஷினை நிறுத்திவிடும். கம்பெனி இன்ஜினியர் காற்றழுத்தத்தைப் பார்த்தார், சட்டத்தின் மட்டத்தைப் பார்த்தார், பிடி ரப்பரை மாற்றினார். தேனிப் பெண் ஒரு கூடை பாபினை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை உள்ளே விட்டுப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தாள். "இதெல்லாம் பழைய லாட்டுங்ணா. உள்ள தேஞ்சு போச்சு. கதிருல ஆழமா இறங்கிக்கும். நாங்க திருகி எடுப்போம். உங்க மெஷினுக்குத் திருகத் தெரியாதுங்களே." பாபின் லாட்டை மாற்றினோம். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இன்ஜினியரின் அறிக்கையில் "பாபின் உள்விட்டம் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அது அவளுடைய விரல் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த அறிவு. அதை வாங்கிக்கொண்டுதான் மெஷின் ஓடியது, அதற்குப் பிறகு அவள் அங்கே தேவைப்படவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது.

எல்லா வேலையையும் நினைத்து நான் வருத்தப்படுகிறவன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ப்ளோரூமில் பேல்களை உடைத்துக் கையால் பஞ்சை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த அறையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சு முட்டும் நோய்க்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும் என்று சொன்ன பெரியவர்கள் பலர் அறுபதைத் தொடவில்லை. இப்போது பேல் வரிசையின் மேல் கை ஒன்று ஊர்ந்து பஞ்சைச் சீவி எடுத்துக் குழாயில் உறிஞ்சி அனுப்புகிறது. கேமரா வைத்துத் தலைமுடி, சாக்கு நார், பிளாஸ்டிக் துணுக்கைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் கருவியும் வந்துவிட்டது. அந்த வேலையை மனிதரிடம் திருப்பிக் கொடு என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

மிச்சம் இருப்பது சைடர் வேலை. அறுந்த இழையை ஒட்டுகிறவர். முழங்காலால் கதிரின் பிரேக்கை அமுக்கி நிறுத்தி, பாபினில் நுனியைத் தேடி எடுத்து, டிராவலருக்குள் நுழைத்து, மேலே வழிகாட்டிக் கம்பியில் மாட்டி, பிரேக்கை விட்ட அதே நொடியில் முன் உருளையிலிருந்து வரும் பஞ்சு இழையோடு நுனியைத் தொட வைக்க வேண்டும். கை தேர்ந்தவருக்கு நாலைந்து விநாடி. நூற்பில் கடைசிவரை கையில் நின்ற வேலை இதுதான். ஆனால் ஆட்டோ டாஃபர் வந்த பிறகு இந்த வேலையும் பழைய வேலையாக இல்லை.

முன்பு நானூற்று நாற்பது கதிர் மெஷின் ஒரு பக்கம் பதினைந்து மீட்டர்தான் இருக்கும். இப்போது ஆயிரத்திருநூறு கதிர் மெஷின் ஒரு பக்கமே நாற்பது மீட்டரைத் தாண்டும். ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் தொண்ணூறு மீட்டருக்குக் கிட்டே. அப்படிப் பல மெஷின் ஒருவர் பொறுப்பில். எந்தக் கதிரில் அறுந்திருக்கிறது என்று இப்போது விளக்கு எரிந்து காட்டும். தேட வேண்டாம், நேராகப் போகலாம். நல்ல வசதி என்றுதான் நானும் நினைத்து அந்த விளக்குகளைப் பொருத்தினேன். ஆனால் தேடும் நேரம் மிச்சமானதும் அதே ஆளுக்கு இன்னும் சில மெஷின்கள் சேர்ந்தன. டாஃப் எடுக்கும் ஐந்து நிமிஷம் முன்பெல்லாம் சைடருக்கு மூச்சுவிடும் நேரம். மெஷின் நிற்கும், அவர் தண்ணீர் குடிப்பார், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டுவார், செட்டுப் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இடைவெளி எந்தச் சட்டத்திலும் எழுதப்படாததால், போனபோது யாரும் கேட்கவில்லை. நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி என்று சிட்ரா முறையில் மில்கள் கணக்குப் பார்க்கும். ஹெச்.ஓ.கே. என்போம். அந்த எண் இறங்கினால் மில் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். சைடரின் முழங்கால் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

மில்லுக்கு வெளியிலும் நிலைமை மாறியிருக்கிறது. ஷிப்டு சங்கு ஊதும்போது மில் வாசலில் பூக்காரி, வடைக் கடை, சைக்கிள் ஸ்டாண்ட் என்று இருந்த கூட்டம் இல்லை. ஹாஸ்டலில் இப்போது ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. மெஸ்ஸில் ரொட்டி போடுகிறார்கள். வேலைக்கு வராத எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் கல்லூரிப் பஸ்ஸில் போகிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

இழை ஒட்டும் ரோபோவும் வந்துவிட்டது. 2019-இல் பார்சிலோனாவில் நடந்த ஐ.டி.எம்.ஏ. கண்காட்சியில் ரீட்டர் கம்பெனி அதைக் காட்டியது. ரிங் பிரேமின் பக்கவாட்டில் தண்டவாளத்தில் நகர்ந்து போய், அறுந்த கதிரின் முன் நின்று, நுனியைத் தேடி எடுத்து ஒட்டுகிறது. இங்கே பரவ எத்தனை வருஷம் ஆகும் என்று இளைய பிட்டர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஜார்க்கண்டில் இருந்து வரும் பெண்ணின் கூலி எவ்வளவு என்பதைப் பாருங்கள், அதில் இருக்கிறது பதில் என்று சொல்கிறேன். அந்தக் கூலி ஏற வேண்டும் என்பதுதான் என் விருப்பம். மெஷினைத் தள்ளிப்போடுவதற்காக ஒரு பெண்ணை அரைக் கூலியில் வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆட்டோமேஷன் வந்த ஒவ்வொரு மில்லிலும் டாஃபர்கள் குறைந்தார்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள் கூடினார்கள். சென்சார், பி.எல்.சி., காற்று வால்வு, மோட்டார் டிரைவ் என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது. போன வேலை பெண்களுடையது. வந்த வேலை ஆண்களுக்குப் போனது. ஸ்பேனர் பிடிக்க அவர்களால் ஆகாது என்பார்கள். ஸ்பிளைசரின் உள்ளே இருக்கும் திருகாணி அரிசியை விடக் கொஞ்சம்தான் பெரிது. நாள் முழுதும் இழையைத் தொட்டுப் பழகிய விரலுக்கு அது பொருந்தாதா?

நான் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்த கடைசி மில்லில் நிர்வாகத்தோடு பேசி, செட்டிலிருந்து சில பெண்களை ஆட்டோகோனர் மெயின்டனன்ஸில் எடுத்துக்கொண்டோம். முதல் ஆறு மாசம் படம் வரைந்து, பாகத்தைக் கழற்றிப் பூட்டி, ராத்திரி ஷிப்டில் கூடவே நின்று கற்றுக்கொடுத்தோம். பயிற்சிக் காலத்திலும் பழைய கூலி குறையாமல் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன், கொடுத்தார்கள். பாபின் லாட்டைப் பிரித்துக் காட்டிய தேனிப் பெண் அப்போது ஊருக்குப் போய்விட்டிருந்தாள். போன் போட்டேன். கைக்குழந்தை இருக்கிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா, குவார்ட்டர்ஸ் கிடைக்குமா என்று கேட்டாள். ஹாஸ்டல் மட்டும்தான் இருந்தது. குடும்பத்தோடு தங்க மில்லில் இடம் இல்லை என்றார்கள். வெளியே வீடு பார்த்தோம், வாடகையும் அட்வான்ஸும் அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அவள் வரவில்லை. எடுத்துக்கொண்ட பெண்களில் இருவர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஒருவர் ஒரு ஷிப்டின் ஸ்பிளைசர் செட்டிங் முழுவதையும் பார்க்கிறார். பிட்டர் கிரேடு சம்பளம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். நானும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.